காய்ச்சல் தொடங்கிய நாள்

எனக்குப் பொறுமை குறைவு. என்னிடம் படித்துப் போன தாதியரைக் கேட்டால், முதலில் என் குரலைப் பற்றிச் சொல்வார்கள், அப்புறம்தான் நான் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி. சத்தம் போட்டாலும் சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் இரத்தினபுரிப் பக்கத்து றக்வான மலைத் தோட்டத்தில் நடந்த ஒரு வகுப்பில் நான் விட்ட பிழையால் ஒரு பெண் சாகக் கிடந்தாள். அதை மறைத்துவிட்டு என் கெட்டித்தனத்தை மட்டும் எழுதினால் எனக்கே அருவருப்பாக இருக்கும்.

வகுப்பு செயற்கை நுண்ணறிவு பற்றியது. தோட்டங்களில் வேலை செய்கிற டிஸ்பென்சரிக்காரர்கள், மிட்வைஃப்மார், தாதியர் ஆகியோருக்கு ஆளுக்கொரு டெப், அதாவது கையடக்கக் கணினி, கொடுத்துப் பரீட்சித்துப் பார்க்க ஒரு திட்டம் வந்திருந்தது. நோயாளியின் வயது, தொழில், என்ன செய்கிறது, எத்தனை நாளாகச் செய்கிறது என்று அதில் பதிந்தால், இன்னதாக இருக்கலாம், இவ்வளவு அவசரம், இதைச் செய்யுங்கள் என்று அது சொல்லும். கேள்வி கேட்டாலும் பதில் சொல்லும். இதைச் சொல்லிக்கொடுக்க யார் போவது என்று எங்கள் தாதியர் கல்லூரிக் கூட்டத்தில் கேட்டபோது மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தமிழும் சிங்களமும் தெரிந்தவள், குருவிட்டப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள், தோட்டத்துச் சனத்தோடு பேசத் தெரிந்தவள் என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

எனக்கே அப்போது அது புதிது. ஒன்றரை மாதம் குசினி மேசையில் டெப்பை வைத்துக்கொண்டு அதனிடம் கேள்வி கேட்டேன், திட்டினேன், பொய் சொல்லிப் பார்த்தேன். "என்னோட பேசுறதவிட அதோடதான் நீ கூடப் பேசுற," என்று வீட்டுக்காரர் சொன்னார். அது திருப்பிப் பேசும்போது கத்துவதில்லை என்றேன்.

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், தோட்டத்து உத்தியோகத்தர்களின் பழைய கிளப் மண்டபத்தில் வகுப்பு. பன்னிரண்டு பேர். அவர்களில் மூன்று பேரை மட்டும் சொன்னால் போதும். ஒருவர் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா. முப்பது வருடமாக அதே அறையில் அதே மேசையில் இருந்து மருந்து கொடுக்கிறவர், ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான். இன்னொருவர் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆண் தாதி, குருவிட்டயில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பத்துப் பையன். மூன்றாவது ஆள் அந்தப் பகுதி மிட்வைஃப், சிங்களப் பெண். றக்வானயிலேயே வளர்ந்தவள், லயத்துத் தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவாள், நடுநடுவே சிங்களம் வந்து விழும்.

முதல் நாளே அவர்களைப் பயமுறுத்தினேன். எங்கள் வீட்டுப் பூனையின் பெயரோடு 'மைசின்' என்று ஒட்டி ஒரு மருந்துப் பெயரை உண்டாக்கி, பெரியவர்களுக்கு இது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று டெப்பிடம் கேட்கச் சொன்னேன். ஐந்நூறு மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு என்று அது கூசாமல் சொன்னது. வயிற்றெரிச்சல் வரலாம் என்றும் எச்சரித்தது. அப்படி ஒரு மருந்தே உலகத்தில் இல்லை என்று நான் சொன்னேன்.

"அனே மிஸ், இது எங்க ஆஸ்பத்திரில இருந்த பழைய பெரிய மிஸ்ஸி மாதிரி," என்றாள் மிட்வைஃப். "தெரியாதுன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டாங்க."

சிரித்து முடிந்ததும் ஆண் தாதி கையைத் தூக்கினான். "மிஸ், இது சொன்னதக் கேட்டு நாங்க செஞ்சு, ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" நல்ல கேள்வி. "டெப்புக்குப் பதிவு இலக்கம் கிடையாது. உங்களுக்கு இருக்கு. நீங்கதான்," என்றேன். அந்தப் பதிலில் எனக்கு எவ்வளவு திருப்தி என்றால், வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடமும் சொன்னேன்.

டிஸ்பென்சரி ஐயாவை வழிக்குக் கொண்டுவரத்தான் பாடுபட்டேன். டெப்பை அவர் தொடவே மாட்டார், மேசையில் தள்ளி வைத்துவிட்டு அதன் மேல் கைலேஞ்சியைப் போடுவார். இரண்டாவது வகுப்பில், பல வருடங்களுக்கு முன் தன்னைக் குழப்பிய ஒரு நோயாளியை அதில் பதிந்து பார்க்கச் சொன்னேன். ஒரு விரலால் குத்திக் குத்திப் பதிந்தார். அவர் அன்று மூன்று நாள் தடுமாறிக் கடைசியில் கண்டுபிடித்ததை அது நொடியில் சொன்னது. அவர் கைலேஞ்சியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாவது வகுப்பு, செவ்வாய்க்கிழமை. மண்டபத்தில் பேசியது போதும், உண்மையான ஆளை வைத்துப் பழகலாம் என்று எல்லாரையும் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலைச்சரிவில் இரண்டு அறைக் கட்டடம். ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் மேசையை ஜன்னலோடு ஒட்டிப் போட்டோம். பதினொரு மணியளவில் ஒரு அம்மா வந்தார். தேயிலைக் கொழுந்து எடுப்பவர், நாற்பது வயது இருக்கும், சுவெட்டரும் போட்டு அதன் மேல் துவாயும் போர்த்தியிருந்தார். இவர்கள் படிக்கிறார்கள், நீங்கள் சம்மதித்தால் உங்களை வைத்துப் பழகுவார்கள் என்றேன். தன்னிடம் சம்மதம் கேட்டதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "கேளுங்க டீச்சரம்மா, எத்தன பேரு வேணும்னாலும் கேளுங்க," என்று வாங்கில் உட்கார்ந்தார்.

டிஸ்பென்சரி ஐயா கேட்டார், ஆண் தாதி பதிந்தான். காய்ச்சல் நூற்றியொன்று. தலையிடி இருக்கிறது. இருமல் இல்லை. உடம்பு வலி?

"மலை ஏறி இறங்குறவளுக்கு ஒடம்பு வலிக்காம இருக்குங்களா," என்று சிரித்தார். "கெண்டக்கால்தான் பிச்சுக்கிட்டுப் போகுது."

"காய்ச்சல் எப்ப இருந்து?"

"நேத்துல இருந்துங்க."

"வயல்ல, சேத்துல எங்கயாச்சும் வேல செஞ்சீங்களா?"

"இல்லீங்க, கொழுந்துதான் எடுக்கிறேன்."

மிட்வைஃப் என் காதருகே வந்தாள். "மிஸ், கண்ணு சிவப்பா இருக்கு நேத?" நானும் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. லயத்து அடுப்புப் புகையில் வளர்ந்தவள் நான், அந்தச் சிவப்பு எனக்குத் தெரியாதா? "அது புகை. இல்லைன்னு போடுங்க," என்றேன். ஆண் தாதி இல்லை என்று போட்டான்.

டெப் சொன்னது: காய்ச்சலின் இரண்டாவது நாள், இப்போதைக்கு ஆபத்து குறைவு. பரசிட்டமோல், நிறையத் தண்ணீர். காய்ச்சல் விடாவிட்டால் நாளைக்கு இரத்தப் பரிசோதனை. எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் இரண்டாவது நாளுக்கு இதைத்தான் சொல்வார்கள். "பார்த்தீங்களா, கேள்வி ஒழுங்கா இருந்தா பதிலும் ஒழுங்கா வரும்," என்றேன். டிஸ்பென்சரி ஐயா முதன்முறையாக டெப்பைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த அம்மா மாத்திரையை வாங்கிக்கொண்டு, லீவுத் துண்டு ஒரு நாளைக்கு மட்டும் போதும், நாளைக்குப் பேர் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கூப்பிடுகிற இடத்துக்குப் போய் வேலையில் சேர்வதைத்தான் பேர் போடுவது என்பார்கள்.

மூன்றரை மணி பஸ்ஸில் ஏறினேன். நல்ல களைப்பு, நல்ல சந்தோஷம். எனக்கு முன் இருக்கையில் கொழுந்து எடுக்கிற இரண்டு பெண்கள் யாரோ மூன்றாவது ஒருத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அவளுக்கு என்னைக்கு சொகமில்லாமப் போச்சு?"

"வெள்ளிக்கிழமதான். அதுக்கு முந்தி எல்லா நாளும் பேர் போட்டாளே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். அந்த வார்த்தை உள்ளே போக இரண்டு வளைவு பிடித்தது. பிறகு அப்பா ஞாபகம் வந்தது.

எங்கள் அப்பா இறப்பர் பால் வெட்டியவர். அவர் எப்படிப் போனார் என்று யாராவது கேட்டால், ரெண்டு நாள் சீக்கில் போய்விட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். தாதியாகி இவ்வளவு வருடம் கழித்தும் நானே அப்படித்தான் சொல்வேன். மூன்று மாதம் அவர் இருமினார், இருமிக்கொண்டே மரத்துக்கு மரம் போனார், வாளி நிறையப் பால் தூக்கிக்கொண்டு ஏறினார். அந்த மூன்று மாதத்தை எங்கள் வீட்டில் யாரும் சீக்கு என்று எண்ணவில்லை. அவர் பெரட்டுக்குப் போகாமல் படுத்தது இரண்டு நாள். அந்த இரண்டு நாளைத்தான் எண்ணினோம்.

லயத்தில் காய்ச்சல் உடம்பில் தொடங்குவதில்லை, பெரட்டில்தான் தொடங்கும். வேலைக்குப் போகும் வரைக்கும் ஆள் சுகமாகத்தான் இருக்கிறாள், நெருப்பாகக் கொதித்தாலும் சரி. அந்த அம்மா நேற்றிலிருந்து என்றால், நேற்று வேலைக்குப் போகவில்லை என்று அர்த்தம். காய்ச்சல் எப்போது வந்தது என்பதை நாங்கள் யாருமே கேட்கவில்லை. வயலில் வேலை செய்தீர்களா என்றால் இல்லை என்றுதான் சொல்வார், தோட்டத்தில் பேர் போடாத வேலை வேலைக் கணக்கில் வராது. கெண்டைக்கால் வலி, சிவந்த கண். எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த வயல் சேற்றிலிருந்து பிடிக்கிறது. பாடப் புத்தகத்தில் நான் பிள்ளைகளை மனப்பாடம் பண்ண வைக்கிற எலிக்காய்ச்சல் என் கண் முன்னே வாங்கில் உட்கார்ந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறது.

பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன். இங்கே பஸ் ஹோல்ட் இல்லை அக்கே என்றான் கொண்டக்டர். நான் போட்ட சத்தத்தில் டிரைவரே நிறுத்திவிட்டார். அந்த வளைவில் ஒரு சில்லறைக் கடை இருந்தது, அங்கே சிக்னலும் இருந்தது. மிட்வைஃபைக் கூப்பிட்டேன். அவள் இன்னும் தோட்டத்தில்தான் இருந்தாள்.

"உடனே அந்தம்மாவோட லயத்துக்குப் போ. எத்தனை நாள் காய்ச்சல்னு மட்டும் கேட்காதே. என்னைக்கு சோறு எறங்காமப் போச்சுன்னு கேளு. என்னைக்குக் குளிர்ந்துச்சு, என்னைக்குக் கொழுந்து மூட்டைய வேற ஆள் தூக்கிக் கொடுத்தாங்கன்னு கேளு. போன ரெண்டு மூணு ஞாயிறு எங்க போனாங்கன்னு கேளு. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்கன்னு கேளு."

"ஹரி மிஸ், சரி," என்றாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவள்.

கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, "இருங்க தங்கச்சி, யாருக்கும் ஏதும் சுகமில்லையா?" என்றார். இருக்க முடியவில்லை. ரோட்டோரத்தில் மேலும் கீழும் நடந்தேன். என்னை நானே திட்டிக்கொண்டேன், சத்தமாகவே. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவள் கூப்பிட்டாள்.

"மிஸ், வியாழக்கிழமை மலையிலேயே குளிர் வந்திருக்கு. அன்னைக்கே சோறு எறங்கல. வெள்ளி, சனி ரெண்டு நாளும் பக்கத்து ஆள்தான் மூட்டை தூக்கினாங்களாம். ஞாயிறு படுத்துட்டாங்க. அதுக்கு முந்தி ரெண்டு ஞாயிறு கீழ கிராமத்துல நாத்து நடப் போயிருக்காங்க. ஒண்ணுக்கு நேத்து ராத்திரி பொட்டக், கொஞ்சூண்டு, போனதுதானாம், இன்னைக்குப் போகவே இல்ல."

ஆறாவது நாள். சிறுநீர் நின்றிருக்கிறது. நாளைக்கு இரத்தப் பரிசோதனை என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அம்புலன்ஸ் லயம் வரைக்கும் ஏறாது. ஆளைக் கீழே ரோட்டுக்குக் கொண்டுவரக் கொழுந்து லொறிதான் வேண்டும், லொறிக்கு டிஸ்பென்சரி ஐயா சொல்ல வேண்டும். அவரைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாக, "மிஸ், ரெண்டாம் நாள்னு டெப்பே சொல்லுச்சுங்களே. நாளைக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்போமே," என்றார். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்பித்தார்.

"டெப் எந்தக் காலத்துல பெரட்டுக்குப் போச்சுங்க? அதுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நாமதான் மறந்துட்டு உட்கார்ந்திருந்தோம். வியாழக்கிழமைல இருந்து காய்ச்சல், இன்னைக்குப் பூரா ஒண்ணுக்குப் போகல."

"லொறி இங்கதான் நிக்குது," என்றார். பிறகு வைத்துவிட்டார். அவரே லொறியில் ஏறிப் போய், ஆளைக் கம்பளியோடு தூக்கி வைத்து, கீழே கொண்டுவந்தார் என்று மிட்வைஃப் பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். எலிக்காய்ச்சல்தான். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை, இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினில் போட்டிருந்தார்கள். வார்ட்டில் இருந்த டொக்டர் என்னிடம் முன்பு விரிவுரை கேட்டவர், மரியாதையாகத்தான் பேசினார். இனிச் சிறுநீர் இறங்கினால்தான் சொல்ல முடியும் மிஸ் என்றார்.

வெள்ளிக்கிழமை வகுப்பு. நான் போவதற்கு முன்னமே டிஸ்பென்சரி ஐயா தன் டெப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்திருந்தார். "இதத் திருப்பி அனுப்பிருங்க மிஸ். இது இல்லாதப்ப நான் ஆளோட மூஞ்சியப் பார்த்தேன். அன்னைக்கு இதோட மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருந்தேன்." பாதிப் பேர் ஆமாம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

"இதை எடுத்து அதே ஆளைத் திரும்பப் பதிங்க," என்று ஆண் தாதியிடம் சொன்னேன். "காய்ச்சல் ஆறாவது நாள். வயல் வேலை, ஆம். கண் சிவப்பு, ஆம். சிறுநீர் இல்லை." அவன் பதிந்தான். திரையில் வந்ததை அவன் வாசிக்கவில்லை, டெப்பைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினான். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. டிஸ்பென்சரி ஐயா எழுந்து வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பக்கத்தில் வைத்து வாசித்தார்.

"இதுக்குத் தெரிஞ்சிருந்துச்சு," என்றார்.

"தெரிஞ்சிருந்துச்சு. நாமதான் சொல்லல," என்றேன். "இல்லை, நாம என்ன நாம. கண் சிவப்புன்னு இவ சொன்னா. இல்லைன்னு போடச் சொன்னது நான்." முதல் நாள் என்னிடம் கேள்வி கேட்ட பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கம் திரும்பி, "நீங்க கேட்டீங்களே, யாரு பதில் சொல்றதுன்னு. இந்த ஆளுக்கு நான்தான்," என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் சின்னதாகத்தான் வந்தது.

அன்று மருத்துவம் ஒன்றும் படிக்கவில்லை. இந்த டெப் எங்கோ ஒரு ஊரில், காய்ச்சல் வந்த அன்றே படுத்துக்கொள்ளக் கூடியவர்களின் பதில்களைப் படித்து வளர்ந்தது. நம் சனம் அப்படிப் பதில் சொல்வதில்லை. ஆகவே நாம் கேட்கிற விதத்தை மாற்றுவோம் என்றேன். ஒவ்வொருவரும் தன் சனத்தை நினைத்து ஒரு கேள்வி சொன்னார்கள். களவாக மாணிக்கக் குழியில் இறங்குகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கால் நகத்தில் சேறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றான் ஆண் தாதி. பிள்ளை பெற்றவளிடம் மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்றாள் ஒருத்தி. காய்ச்சலுக்கு டிஸ்பென்சரி ஐயாவின் கேள்வியைத்தான் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். "கடைசியா எந்த நாள் நல்லா இருந்தீங்க?" அதன் அடுத்த நாள்தான் காய்ச்சலின் முதல் நாள். எளிமையான கேள்வி. அவர் அதைச் சொல்லிவிட்டு டெப்பை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

கொழும்பில் அந்தத் திட்டக்காரர்களுக்கும் போன் போட்டேன். படிவத்தில் கேள்வியை மாற்றுங்கள் என்றேன். கருத்தாகப் பதிவு செய்து வைக்கிறேன் மேடம் என்று ஒரு தம்பி சொன்னான். அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. கேள்வி மாறிவிட்டது, அதை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வார்ட்டுக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு நினைவு நன்றாக இருந்தது, முகம் ஊதியிருந்தது. கழுத்தில் குழாய். கட்டிலோடு தொங்கிய சிறுநீர்ப் பையைத்தான் முதலில் பார்த்தேன். அடியில் கடுந்தேநீர் நிறத்தில் ஒரு கரண்டி அளவு கிடந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், நான் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன்.

"நான் பொய் சொல்லலீங்க டீச்சரம்மா," என்றார்.

இந்த நிலையில் படுத்துக்கொண்டு, எங்களை ஏமாற்றிவிட்டதாக நாங்கள் நினைப்போமே என்று இத்தனை நாளும் அதைத்தான் யோசித்திருக்கிறார். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் தப்பாக் கேட்டேன். கண்ணையும் பார்த்துட்டு விட்டுட்டேன். என்னை மன்னிச்சுக்கங்க," என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சாகக் கூடாது, சாகக் கூடாது என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு நம்பிக்கை சொல்லியே பழகியவள், எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு மிட்வைஃப் வரவில்லை. அதிகாலை பஸ்ஸில் வார்ட்டுக்குப் போயிருக்கிறாள், பிந்தித்தான் வருவாள் என்றார்கள். நான் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன், என்ன எழுதினேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. என் போன் அடித்தது. அவள் பெயரைப் பார்த்ததும் எடுக்கப் பயமாக இருந்தது. டிஸ்பென்சரி ஐயாதான், "எடுங்க மிஸ்," என்றார். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"மிஸ், மூத்திரம் வந்திருச்சு. காலையில இருந்து நானூறு மில்லி. நிறமும் வெளுத்திருச்சு. நான் பையத் தொட்டுப் பார்த்தேன் மிஸ், சூடா இருக்கு."

நானூறு மில்லி சிறுநீருக்குப் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும்தான் அப்படித் தட்டுவார்கள். டிஸ்பென்சரி ஐயா தட்டிக்கொண்டே அழுதார். நான் அழுவதை மறைக்கக்கூட இல்லை, பலகை துடைக்கிற துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன், முகமெல்லாம் மை.

போனில் அவள் இன்னும் இருந்தாள். "மிஸ், கேக்குதா? அந்தம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. வர்ற திங்கக்கிழம பேர் போடப் போகலாமான்னு."

"போகக் கூடாது," என்று நான் கத்தியது கீழே தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும் கேட்டிருக்கும். "இன்னும் சுகமாகலன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."